பாய்க்குக் கண் திறந்த மதுமதி

சேரன்மகாதேவியில் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கி, இணையதளம் செய்துகொடுப்பவள் மதுமதி. கெட்டிக்காரி. ஒரே ஒரு கோளாறு, தெரிந்த வித்தையை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிடுவாள்.

அவளை நம்பி முதலில் வந்தவள் பத்தமடை கமர் நிஷா. மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் அவளுடையது. மதுமதி செய்த தளத்தைத் திறந்தால் பூ உதிரும், படம் ஓடும், எழுத்து மினுக்கும், கேட்காமலே நாதஸ்வரம் வாசிக்கும். இரண்டு மாதமாகியும் ஒருவரும் பாய் கேட்கவில்லை.

"ஆவணி முகூர்த்தத்துக்குள்ள ஒரு ஆர்டராவது வரணும் தங்கச்சி. இல்லன்னா இந்தத் தளத்த மூடிருவோம்" என்றாள் கமர் நிஷா. அவள் பொறுமையாகச் சொன்னதுதான் மதுமதியைச் சுட்டது. முதல் ஆளே கைவிட்டால் அடுத்த ஆள் எங்கே வருவார்?

கணவன் சிவசண்முகம் கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவன். முக்கூடல் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஒரு சுடலைமாடனுக்குப் பூசிக்கொண்டிருந்தான். மதுமதி சோறு கொண்டுபோனபோது பிரஷ்ஷை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றி, கும்பிட வந்த ஆள்போல உள்ளே நடந்து வந்தான். பத்து வருஷமாக அவள் பார்க்கிற கூத்துதான்.

"எத்தன தடவதான் வந்து வந்து போவீங்க?"

"பூசுதவனுக்கு எல்லாம் அழகாத்தான் தெரியும். கும்பிட வாரவன் வாசல்ல நின்னதும் சாமி கண்ணு தெரியணும்லா?"

அவள் போனை நீட்டினாள். "அப்ப இதுக்குள்ளயும் அப்படி வாங்க."

வெயிலுக்குக் கையால் மறைவு கொடுத்து, சாயம் படிந்த பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நாதஸ்வரம் திடுமென்று கிளம்பவும் போனை நழுவவிடப் போனான்.

"ஏட்டி, மாலை நிறையக் கெடக்கு. சாமியத்தான் காணும்."

மதுமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோற்றை வைத்துவிட்டு விறுவிறுவென்று பஸ் ஏறினாள். வீடு வந்து சேர்வதற்குள் கோபம் போய்விட்டது. அவன் சொன்னது சரிதானே.

மறுநாள் பூவையும் நாதஸ்வரத்தையும் தூக்கி எறிந்தாள். ஒரே ஒரு பாயின் படம். அதன் நடுவே பெண் பெயருக்கு ஒரு கட்டம், மாப்பிள்ளை பெயருக்கு ஒரு கட்டம். பெயரைப் போட்டால் பாயிலேயே நெய்ததுபோலத் தெரியும். கீழே ஒரு பொத்தான்: 'இந்தப் பாய் வேண்டும்.'

பிறகு தெருமுனை வரை நடந்துபோய், பழைய போனில் கல்யாண வீட்டுக்காரியாகத் தளத்துக்குள் வந்தாள். தன் பெயரையும் கணவன் பெயரையும் போட்டாள். சேர்ந்து நின்ற பெயர்களைப் பார்க்க அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அந்த மயக்கத்தில் பொத்தானையும் அமுக்கிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கமர் நிஷா கூப்பிட்டாள். "ஆர்டர் வந்துட்டு தங்கச்சி! தறியில ஏத்தியாச்சு!"

தான் பொத்தானை அமுக்கியது மதுமதிக்கு நினைவுக்கு வந்தது. அது தன்னுடைய பாயேதான், வேறென்ன? பத்தமடைக்கு ஓடிப்போய் நின்றாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க. அது நான் சோதிச்சுப் பாத்தது..."

சொல்லும்போதே தறியைப் பார்த்தாள். பாதி நெய்த பாயில் சித்ரலேகா, மாரிராஜ் என்று இருந்தது.

"இவங்க யாருக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கோவில்பட்டிக்காரங்களாம்" என்று சிரித்தாள் கமர் நிஷா. "இன்னும் ரெண்டு கல்யாணம் காத்துக் கெடக்கு. உனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆச்சுல்லா? உன் பேர் போட்ட பாய மெதுவா வாங்கிக்கலாம், வரிசையில நில்லு."