மேலே ஒரு மோடன், கீழே ஒரு மோடன்

போன கிழமை எங்கள் குசினிக் கூரையில் நின்று வேர்த்து வழிந்தேன். வெயிலால் அல்ல — ஒரு நாயால்!

ரீ.வி.யில் வருகிற கார்ட்டூன் நாய். ரீ.வி. உள்ள வீடுகளுக்குப் போய்வருகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கதவளவு உடம்பு, கடுகளவு மூளை. திருடனுக்கே ஏணி பிடிக்கும். அடி வாங்கினால், அடித்தவனுக்குக் கை நோகிறதோ என்று பார்க்கும். அதன் இங்கிலிஷ் பெயர் யாருக்குப் பிடிபட்டது? எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு அது 'மோடன்', அதாவது மடையன். திட்டி வைத்த பெயரல்ல, கொஞ்சி வைத்த பெயர்.

திருகோணமலைக்குப் படம் சும்மா வருமா? காடு மலை தாண்டிக் களைத்து வந்து சேரவேண்டும். வந்தாலும், கமுகந்தடியில் கட்டிய அன்ரெனாவைக் கடற்காற்று திருப்பிவிடும். கயிறு போட்டுப் பார்த்தோம்... ஏலாது. கடைசியில் பக்கத்து வீட்டுக் காசிம் நானா குசினிக் கூரையில் ஏறித் தடியைப் பிடித்தார். கிண்ணியாத் துறையில், 'பாதை' என்கிற மிதவையில் லொறிகளை ஏற்றி இறக்குகிற கைகள்; அந்த நாய்க்குப் போலவே கதவளவு தோள். படம் பளிங்காய் நின்றது!

"நானா, கொஞ்சம் சாம்பல்தீவுப் பக்கம்!"

"இப்ப?"

"ஐயோ, கூடிப்போச்சு! கிண்ணியாப் பக்கம் விடுங்கோ!"

"இப்ப?"

"ஆ... அப்பிடியே நில்லுங்கோ!"

நின்றார். அன்று மட்டுமா? ஒவ்வொரு கிழமையும். நாங்கள் கீழே சிரித்துப் புரள, அவர் மேலே அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பார். "இப்ப என்ன செய்யிறான்?" என்று கேட்பார். பதில் சொல்ல யாருக்கு நேரம்?

எதிர்வீட்டுப் பரிமளம் மாமியின் வாய்க்கோ பூட்டில்லை. "கீழ்மோடன் வரப்போறான், மேல்மோடனைக் கூப்பிடுங்கோ" என்றார் ஒருநாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. நானாவுக்கு மட்டும் தெரியாது.

போன கிழமை என் மனைவி ஒரே பிடியாய் நின்றார். "அந்த மனிசன் ஒருநாளாவது பாக்க வேண்டாமே? இண்டைக்கு நீங்கள் ஏறுங்கோ."

"எனக்குத் தலை சுத்தும்."

"கவிதை எழுதேக்க மட்டும் மேகத்தில நடப்பியள்!"

ஏறினேன். உட்துறைமுகம் முழுக்க உருகிய பொன். கப்பல்கள் அதில் ஒட்டிக்கொண்ட எறும்புகளாய்... ரசிக்க முடிந்ததா? யாராவது வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால்? யாரும் சொல்லாமலே, நாயின் தோளைப் பார்த்து அவருக்கே விளங்கிவிட்டால்? நாளைக்கு எந்த முகத்தோடு வேலிக்கு மேலால் கதைப்பது?

கார்ட்டூன் தொடங்கியது. கீழே சிரிப்பையே காணோம். எல்லோரும் படத்தை விட்டு நானாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மனைவி பிறகு சொன்னார். அன்று பார்த்துத் திருடன் ஒரு கம்பத்தை மோடனிடம் கொடுத்து, 'நான் வருமட்டும் பிடி' என்று சைகை காட்டிவிட்டுப் போகிறானாம். மோடன் பிடிக்கிறது. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, தலையில் குருவி கூடு கட்டுகிறது — விடவில்லை.

மாமி மெல்ல எழுந்து வாசல் பக்கம் நழுவினாராம்.

நானாவின் கதிரை கிறீச்சிட்டது. தொடர்ந்து ஒரு சிரிப்பு... துறைமுகத்தில் வெடி போட்ட மாதிரி! என் காலடியில் கூரை அதிர்ந்தது.

"யா அல்லாஹ், இது நான்தானே! மாமி, எங்க ஓடுறீங்க? உங்கட மேல்மோடன் கீழ வந்திருக்கான், இருந்து பாருங்க!"

மாமி வாசலிலேயே திரும்பினார். "நானா... அது... ஆர் சொன்னது?"

"மேல நிண்டா கீழ கதைக்கிறது எல்லாம் கேக்கும் மாமி. படம்தான் தெரியாது."

அத்தனை கிழமையும் கேட்டுக்கொண்டே பிடித்திருக்கிறார்! விட்டிருந்தால் எங்களுக்குப் படமே இல்லை. எங்கள் சிரிப்பைக் கெடுக்க அந்தக் கைகளுக்கு மனம் வரவில்லை. மோடன் யார் என்பதை இனி நீங்களே சொல்லுங்கள்.

மாமி அவசரமாய்ப் போய்த் தன் கையாலேயே தேத்தண்ணி போட்டு, இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டு, நானாவின் கையில் கொடுத்தாராம். அவரும் கால் நீட்டிச் செய்திவரைக்கும் பார்த்தார்.

நான் மேலேயே நின்றேன். கூரைக்குத் தேத்தண்ணி ஏறுவதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.