மாற்றாத பிரேக் ஆயில்

குழந்தைகள் வார்டின் தலைமை நர்சுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் அவள் பக்கமே போக மாட்டார்கள். தெரியாதவர்கள், அமைதியாகத்தானே பேசுகிறார் என்று நம்பி மேலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் அப்படித்தான் மாட்டினான்.

மருத்துவமனை மேட்டின் மேல் இருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு வளைந்து வளைந்து இறங்கும் சாலை. அன்று மாலை முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்ததால், அவள் வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். கடைசி வளைவில் மிதித்தபோது பெடல் ஈரப் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. விட்டு விட்டு மிதித்தாள், கியரைக் குறைத்தாள், கைபிரேக்கை இழுத்தாள். லாரியின் பின்பக்கத்தில் ‘இடைவெளி விடவும்’ என்று எழுதியிருந்தது மூக்கில் இடிக்கிற தூரத்தில் கார் ஒருவழியாக நின்றது.

பக்கத்து சீட்டில் நாத்தனார் இருந்தாள். கணவனின் அக்கா, மருத்துவமனை வாசலில் தையல் கடை வைத்திருந்ததால் தினமும் சேர்ந்துதான் திரும்புவார்கள்.

“கண்ணைத் திறக்கலாமாடி?” என்று கேட்டாள் நாத்தனார்.

“திறங்க அண்ணி. உயிரோடதான் இருக்கோம்.”

காரை ஓரம் கட்டினார்கள். சூடு ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனபோதும் அப்படியே சமர்த்தாக இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினான்.

“நல்லாத்தானே இருக்கு மேடம்? பிரேக் ஆயில்கூடப் போன சர்வீஸ்ல மாத்தியாச்சு. நீங்கதான் இறக்கத்துல பதட்டத்துல ஓயாம மிதிச்சிருப்பீங்க. லேடீஸ் நிறையப் பேர் அப்படித்தான்.”

“மாத்தினீங்களா? நிச்சயமா?”

“பின்னே? சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்க. அவர்கிட்ட விளக்கமா சொல்லிடறேன்.”

“ஓட்டறது நான்.”

“இருக்கட்டும் மேடம். சார்னா சட்டுனு புரிஞ்சுப்பார்.”

சாருக்குக் கார் ஓட்டவே தெரியாது. நூலகத்தில் வேலை பார்க்கும் பரம சாது. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அன்று மாலையே சூப்பர்வைசர் அவரை போனில் அழைத்து என்னவோ விளக்கினான். இவரும் “பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க” என்று கேட்டுக்கொண்டார்.

“எது பரவாயில்லை?” என்றாள் மனைவி. குரல் தரையோடு தரையாக இருந்தது. “உங்க அக்காவும் நானும் லாரிக்கு அடியில போயிருந்தா, அதுவும் பரவாயில்லையா?”

அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அவள் பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தாள். புது ஆயில் என்றால் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். உள்ளே இருந்தது கடுங்காப்பி. காரோடு வந்த கையேட்டை எடுத்து உட்கார்ந்தாள். பழைய ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்துக் குமிழாகும். காலால் மிதிக்கிற அழுத்தத்தையெல்லாம் குமிழே வாங்கிக்கொள்ளும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. குழாய்க்குள் குமிழி இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு டிரிப் ஏற்றுவதே அவள் பிழைப்பு.

“நானே மாத்தப் போறேன்” என்றாள்.

“என்ன செய்யணும் சொல்லு, நானும் வரேன்” என்றாள் நாத்தனார். “அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான்தானே.”

ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பின் பின்புறம் சமதளத்தில் வேலை ஆரம்பித்தது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்தார்கள். பெரிய சிரிஞ்சால் டப்பாவிலிருந்த கறுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, சீல் உடைக்காத டின்னைத் திறந்து புதியதை ஊற்றினாள். பிறகு டப்பாவுக்கு வெகு தொலைவிலுள்ள பின்சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சை அடித்துக் குனிந்தாள்.

அங்கேதான் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பழைய ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைச் சுற்றி சேறு காய்ந்து, துருவோடு சேர்ந்து மேலோடாகப் படிந்திருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து அதன் மேல் ஒரு ஸ்பேனர்கூடப் பட்டதில்லை.

“அண்ணி, இங்க வந்து பாருங்க. இதைத் திறக்காம எப்படி மாத்தினானாம்? மந்திரம் போட்டா?”

நாத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, சூப்பர்வைசரின் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கினாள். அதை இங்கே எழுத முடியாது.

துருநீக்கி அடித்து, ஊற விட்டு, மெல்லத் தட்டித் தட்டி நிப்பிளை இளக்கினாள். உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயை அதில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டாள். நாத்தனார் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள்.

“நான் சொன்னதும் மிதிச்சுப் பிடிச்சுக்கணும். நான் மூடினேன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது.”

“காலம் பூரா தையல் மெஷின் மிதிச்ச காலுடி இது.”

அதுதான் வினையாகிவிட்டது. “மிதிங்க” என்றதும் அந்தக் கால் பழக்க தோஷத்தில் தடதடவென்று மேலும் கீழும் ஓடியது. நிப்பிள் திறந்திருக்கும்போதே பெடல் மேலே வந்ததில், காற்று குழாய் வழியாக உள்ளே போய்விட்டது.

“ஐயோ அண்ணி! என்ன, ரவிக்கையா தைக்கிறீங்க? பிடிங்கன்னா பிடிக்கணும்!”

“நீ கீழ இருந்துக்கிட்டு முணுமுணுத்தா மேல எப்படிக் கேக்கும்? சத்தமா சொல்லித் தொலையேன்!”

அவளுக்குத்தான் கோபத்தில் சத்தம் வராதே. கடைசியில் தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சாரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். மனைவி முணுமுணுப்பதை அவர் அக்காவுக்கு உரக்கச் சொன்னார். “மிதி! பிடி! மூடியாச்சு, விடு!” கருமையாக வந்தது மெதுவாகப் பழுப்பாகி, குமிழிகள் குறைந்து, வெளிறிய மஞ்சளாக ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு சக்கரமாக முடித்தார்கள். இடையிடையே டப்பா வற்றாமல் ஊற்றுவதும், பெயிண்டில் சிந்திய துளிகளைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் சாரின் வேலையாயிற்று. மதியத்துக்குள் பெடல் கல் மாதிரி நின்றது. குடியிருப்புக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகே வெளியே எடுத்தாள்.

மறுநாள் கறுப்பு ஆயில் பாட்டிலை ஒர்க்‌ஷாப் உரிமையாளரின் மேசையில் வைத்தாள். அவர் தேனாகப் பேசினார். பையன் மறந்திருப்பான், அடுத்த சர்வீஸ் இலவசம், வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப் போவோம் என்றார்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். மாத்தியாச்சுன்னு இங்க சொல்லி அனுப்பின எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்க.”

“அது எப்படிம்மா? கடை பேர் என்னாகும்?”

“வண்டியில போறவங்க என்னாவாங்க?”

அவர் சிரித்து மழுப்பினார். சூப்பர்வைசர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவதுபோல் நின்றுகொண்டிருந்தான்.

அவள் மேட்டுக்குத் திரும்பினாள். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வண்டி அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் சர்வீஸ் ஆனது. உணவு இடைவேளையில் வாகன நிறுத்தத்தில் பானெட்டுகள் வரிசையாகத் திறந்தன. எக்ஸ்ரேக்காரர் வண்டியில் கடுங்காப்பி. மயக்க மருந்து டாக்டர் வண்டியில் அதைவிடக் கறுப்பு. அவர் தினமும் அந்த இறக்கத்தில்தான் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். எல்லோருமாக ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றார்கள்.

அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப் முகப்பில் பெரிய பேனர் தொங்கியது: ‘வாடிக்கையாளர் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு! பிரேக் ஆயில் இலவசமாக மாற்றித் தரப்படும்!’ வரிசையில் நின்றவர்கள் உரிமையாளரின் தாராள மனசைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

“இலவசமாம்!” என்றாள் அவள். தையல் கடையை மூடிவிட்டு வந்து காரில் ஏறிய நாத்தனாருக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

“விடுடி. எல்லார் வண்டியும் சரியாகுதில்ல?”

“ஆகுது அண்ணி. ஒருத்தன் வாயிலேர்ந்து ‘தப்பு எங்க மேல’ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா?”

வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவளும் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, சூப்பர்வைசரின் முகத்தை ஒரு முறை நேராகப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.