ஆளில்லாத தெருவின் படம்

1. ஒரே ஒரு சீட்

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்தில் எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிரேசிங் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே போனேன்.

"ரேவதி வாள்ள நான்ன ஒப்புக்கோலேதம்மா" என்றார். அவருக்குத் தெலுங்கில் தொடங்கினால்தான் பேச்சு வரும். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "அப்பா ஒத்துக்கலன்னு அழுதுகினு கீது அந்தப் பொண்ணு. திங்கக்கிழமை நான் பேர் குடுக்கணும். குடுக்கலன்னா சீட்டு வேற பிளாண்ட்டுக்குப் போயிடும். நீ போயி பேசிப் பாக்கறியா?"

எங்கள் தொழிற்சாலை ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கம் இருக்கிறது. ஏசி செய்கிறோம். தாய் நிறுவனம் ஜப்பானில். வருடத்துக்கு ஒருமுறை சிலரை ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவார்கள். போன வருடம் போனவர்களில் நான் ஒருத்திதான் பெண். இந்த வருடமும் பெண்களுக்கென்று ஒரே ஒரு சீட்டுதான் வந்தது. அதற்கு ரேவதியின் பெயரைச் சொன்னவள் நான்.

பிரேசிங் என்பது செம்புக் குழாய்களைத் தீயில் காட்டி இணைக்கிற வேலை. தீ குறைந்தால் இணைப்பில் ஓட்டை விழும், கூடினால் குழாயே உருகும். ரேவதி கை வைத்த இணைப்பு லீக் டெஸ்டில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வயது இருபத்திரண்டு. கான்ட்ராக்டில் இருக்கிறாள். பயிற்சிக்குப் போய்வந்தால் நிரந்தர வேலை, லைன் லீடர் பொறுப்பு. போகாவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்ததும் என்ன என்று யாருக்கும் தெரியாது. அப்படி முடிந்த பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் அடுத்த மாதமே கல்யாணப் பேச்சு எடுத்துவிடுவார்கள்.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தகப்பன் சம்மதம் சட்டப்படி வேண்டியதில்லை. ஆனால் அவள் நைனா வேண்டாம் என்றால் அவள் விமானம் ஏற மாட்டாள். அது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

2. நான் பார்த்துவந்தது

என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வடமாலபேட்டைப் பக்கத்து ஊர். பத்தாவது வரை தமிழில் படித்து, திருப்பதியில் டிப்ளமோ சேர்ந்து, தெலுங்கிலும் இங்கிலீஷிலும் தடுமாறி எழுந்தவள். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

ஜப்பானுக்குப் போகும்முன் அங்கே எல்லாம் ரோபோ செய்யும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் எங்கள் பிளாண்ட் மெஷின்கள்தான் புதியவை. அங்கே இருந்தவை என் வயதுக்கு மூத்தவை. ஆனால் நேற்று வாங்கியதுபோல ஓடின. லைனில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. ஷிப்ட் முடிந்ததும் தன் பிரேசிங் டார்ச்சைத் துணியால் துடைத்து வைத்துவிட்டுத்தான் போவார். என் டார்ச்சையும் ஒருமுறை பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் துடைக்கத் தொடங்கினேன்.

குழாயில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்றார்கள். நம்பாமல் முதல் வாரம் காய்ச்சிக் குடித்தேன். நான் இருந்தவரை ஒருநாளும் கரண்ட் போகவில்லை. ரயில் கொஞ்சம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். தெருவில் ஒரு காகிதம் கிடக்காது. இத்தனைக்கும் தெருவில் குப்பைத்தொட்டியும் கிடையாது, குப்பையை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

திரும்பி வந்ததும் மேனேஜர், "ரெண்டு நாட்டையும் கம்பேர் பண்ணி ஒரு ப்ரெசென்டேஷன் குடும்மா" என்றார். கொடுத்தேன். இடது பக்கம் அங்கே, வலது பக்கம் இங்கே. இடது பக்கம் சுத்தமான தெரு, வலது பக்கம் புத்தூர் பஸ் ஸ்டாண்ட் வாசல். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அந்தப் படங்கள் என் போனில் இருந்தன. அவற்றைக் காட்டினால் ரேவதியின் நைனா மனம் மாறிவிடும் என்று நிச்சயமாக நம்பினேன்.

3. மாமரத்தடி

ஞாயிற்றுக்கிழமை காலை நாராயணவனத்தில் இறங்கி, கோயிலைத் தாண்டி, ரேவதியின் ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். அவர்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பும் இரண்டு கறவை மாடும் உண்டு. மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ரேவதியின் நைனா பெயர் முனிரத்தினம். மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் அம்மா சரோஜா சற்றுத் தள்ளி முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா அமுதா. இன்னாத்துக்கு வந்துகிறேன்னு தெரியும். மொதல்ல துன்னு, அப்பால பேசலாம்" என்றார் முனிரத்தினம் மாமா.

இட்லி சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்தேன். முதல் படம் நான் தங்கியிருந்த தெரு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கி இன்னா, பந்த்தா அங்க?"

"இல்ல மாமா. சாதாரண நாளுதான். சாயங்காலம் எடுத்தது."

"ஆளுங்க எங்க?"

"வீட்டுக்குள்ள இருப்பாங்க."

"சாயங்காலத்துல எவனாவது வூட்டுக்குள்ள இருப்பானா?"

சட்டென்று அடுத்த படத்துக்குப் போனேன். தெருமுனையில் காசு போட்டால் குளிர்பானம் தருகிற மெஷின்.

"கடைக்காரன் எங்கம்மா?"

"கடைக்காரனே கிடையாது மாமா. மெஷினே குடுக்கும்."

"அப்ப எவன்கிட்ட நின்னு நாலு வார்த்த பேசறது? மெஷின்கிட்டயா?"

மூன்றாவது படம் பூங்கா. சுத்தமான பெஞ்சு, பூச்செடிகள், பெஞ்சில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து டப்பாவிலிருந்து சாப்பிடுகிறார். பூங்காவைக் காட்டத்தான் எடுத்தேன். மாமா பெரியவரைப் பார்த்தார்.

"இவுரு ஏன் ஒண்டியா குந்திகினு துன்றாரு? புள்ளைங்க இல்லியா?"

என் பின்னால் நின்ற ரேவதி காதருகே குனிந்தாள். "அக்கா, போதும். இன்னொரு போட்டோ காட்டினா நைனா இன்னிக்கே எனக்கு மாப்ள பாத்துடுவாரு."

போனை அணைத்தேன். எங்கள் ப்ரெசென்டேஷன் ஹாலில் அத்தனை பேர் பார்த்த படங்கள் அவை. படத்தில் யாருமே இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. எடுத்த எனக்கும் தோன்றவில்லை. குப்பை இல்லாததை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெஜத்த சொல்லு. அங்க ஒருத்தருக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க?"

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் விடுதிக்கு எதிர்வீட்டுக்காரர். தினமும் காலையில் வாசலைப் பெருக்குவார், என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்குவார். ஒருநாள் காலை அவர் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவரைப் போர்த்தி எடுத்துப் போனார்கள். அப்புறம் அந்த வாசல் பெருக்கப்படவில்லை.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். 'எல்லாரும் வருவாங்க மாமா' என்றிருந்தால் அவர் சோதித்துப் பார்க்கவா போகிறார்? ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நெஜத்தைச் சொல் என்று கேட்டவரிடம் எனக்கு வேறு பேச்சு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"வண்டி கூப்பிட்ட உடனே வந்துடுச்சு மாமா. வேற யாரும் வரல. தெருவுல நான் ஒருத்திதான் நின்னேன்."

மாமா நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் வெற்றி இல்லை. பாவம் என்கிற மாதிரிதான் தலையை ஆட்டினார். "அதாம்மா நான் சொல்றது. நம்ம ஊர்ல எங்க அண்ணன் நெஞ்சு வலின்னு சாஞ்சப்போ ஊரே வந்து நின்னுச்சு. கால் வெக்க எடமில்ல. எம்பொண்ண அப்படி ஒரு நாட்டுக்கு அனுப்பிட்டு நான் எப்படி நிம்மதியா தூங்குவேன்?"

எழுந்துவிடலாம் என்றே நினைத்தேன்.

4. முறம் நின்றது

வேர்க்கடலை புடைக்கிற சத்தம் நின்றது. சரோஜா அத்தை தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"ஊரே வந்துச்சு. வண்டிதான் வரல."

மாமா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பாக்கறே? உங்க அண்ணனுக்கு நெஞ்சு வலின்னப்போ வண்டிக்கு போன் பண்ணிட்டு எவ்ளோ நேரம் குந்திகினு இருந்தோம்? ஊரே சுத்தி நின்னு விசிறிச்சு. வண்டி நேரத்துக்கு வந்திருந்தா ஊரு வர வேண்டியதே இல்ல, அவரே எழுந்து டீக்கடைக்குப் போயிருப்பாரு."

மாடு தீனித் தொட்டியை முட்டியது.

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அமுதா. அங்க வேல முடிஞ்சி வர்றப்போ இருட்டிடுமா?"

"குளிர் காலத்துல சீக்கிரமே இருட்டிடும் அத்தே."

"யாரு வந்து கூட்டிகினு போவாங்க?"

"யாரும் வர மாட்டாங்க. நானே நடந்து போவேன்."

"ஒண்டியா?"

"ஒண்டியாதான். கடைக்குப் போயி காய் வாங்கிகினு, பாட்டு கேட்டுகினு நடந்து வருவேன்."

"ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டானா? பின்னாலயே வர மாட்டானா?"

"நான் இருந்த ஊர்ல எனக்கு அப்படி நடக்கல அத்தே. பயந்து திரும்பிப் பாக்கற பழக்கம் போறதுக்கே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

அத்தை, எனக்கோ ரேவதிக்கோ சொல்வதுபோல் இல்லாமல், பொதுவாகச் சொன்னார். "மாங்கூழ் பேக்டரில ஒரு சீசன் வேல செஞ்சேன், சித்தூர் ரோட்டுல. சூப்பர்வைசரா இருன்னு கூப்டாங்க. ராத்திரி ஷிப்ட்டு. இவுங்க அண்ணன் தம்பிங்க எல்லாம் கூடி, பொம்பள இருட்டுல வந்தா ஊரு பேசும்னாங்க. நின்னுட்டேன்."

ரேவதி வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

"ஊரு வருது வருதுன்னு சொல்றியே" என்றார் அத்தை மாமாவைப் பார்த்து. "அதே ஊருதான் என்ன வூட்ல குந்த வெச்சுது. இவ போட்டும்."

மாமா எழுந்து மாட்டுப் பக்கம் போனார். ஏற்கெனவே இருந்த தீனியைக் கிளறினார். தண்ணீர் வாளியை நகர்த்தினார், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் திரும்பாமல் கேட்டார்.

"பிளேன்ல ஊறுகா எவ்ளோ எடுத்துகினு போவ வுடுவான்?"

"நல்லா பேக் பண்ணா ரெண்டு மூணு கிலோ போலாம் மாமா."

"மூணு கிலோ ஆறு மாசத்துக்கு எப்படிப் பத்தும்?" என்று மாட்டிடம் கேட்டார்.

ரேவதி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

5. விடை தெரியாத கேள்வி

இந்தக் குறிப்பை ரேவதியின் நைனா சம்மதித்ததோடு முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோ ஏற்றிவிட என்னோடு தெருமுனை வரை வந்த அத்தை கேட்டதையும் எழுதவேண்டும்.

"ஆறு மாசம் அங்க ஒண்டியா நடந்து பழகிட்டு வருவாளே, அப்பால இங்க வந்து எப்படி நடப்பா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. திரும்பி வந்த முதல் வாரத்தில் செகண்ட் ஷிப்ட் முடித்து மெயின் ரோட்டில் இறங்கியபோது நான் இருட்டில் நின்றபடி என் நைனாவுக்குப் போன் செய்தேன். அவர் டார்ச் லைட்டோடு வந்தார். இத்தனைக்கும் நான் லைன் லீடர். அதை எந்த ஸ்லைடிலும் நான் போடவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் ரேவதி போகிறாள் என்று சொன்னேன். அவர் மேலிடத்துக்குப் போன் செய்து அவள் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

"இன்கா ஏமம்மா?" என்றார், இன்னும் என்ன என்கிற மாதிரி.

"சார், செகண்ட் ஷிப்ட் பஸ் மெயின் ரோட்டோட நிக்காம ஊருக்குள்ள போகணும்."

"டைம் ஆவும்மா. டீசல் ஆவும். டிரைவர் ஒத்துக்க மாட்டான்."

"அங்க போயி கத்துகினு வரச் சொல்றீங்க, சார். பொண்ணுங்க பயப்படாம வூடு போய்ச் சேர்றதும் அங்க பாத்ததுதான். எங்க லைன்ல செகண்ட் ஷிப்ட்டுக்கு வர மாட்டேன்னு நின்ன பொண்ணுங்க பேரு சொல்லட்டுமா? எல்லாரும் நல்ல கை."

அவர் சரி என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். நான் வாராவாரம் போய் நின்றேன். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு ரூட்டில் பஸ் ஊருக்குள் வந்தது. மற்ற ரூட்டுகளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டிரைவர் ஒவ்வொரு திருப்பத்திலும் முணுமுணுக்கிறார். முணுமுணுத்துக்கொண்டே ஹெட்லைட்டை அணைக்காமல், கடைசிப் பெண் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை நிற்கிறார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேலைக்குச் சேரும் புதுப் பெண்கள் என்னிடம் இரண்டு நாட்டில் எது மேல் என்று கேட்கிறார்கள். இப்போது நான் படம் காட்டுவதில்லை. "நீ எதுக்கு பயந்துகினு கீறே, அத மொதல்ல சொல்லு" என்கிறேன். முனிரத்தினம் மாமாவின் பயம் வேறு, சரோஜா அத்தையின் பயம் வேறு. ஒரே மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே நாட்டை அளந்தார்கள். இரண்டு அளவும் சரிதான். ஆனால் இருட்டில் தனியாக நடக்கப்போகிறவள் ரேவதி, அதற்கான அளவை அவள் அம்மாதான் அறிந்திருந்தார்.