வண்டிக்கு அடியில் சீமாட்டி

ஒரு நாயின் மேல் பொறாமை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. லாரியின் கேபினில், கணவருக்குப் பக்கத்து இருக்கையில், வாயை மூடிக்கொண்டு பொறாமைப்பட்டாள்.

கிளீனர் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் கடையோடு ஒட்டிக்கொண்டான். வேறு ஆள் கிடைக்கிறவரை நான் வருகிறேன் என்று அவளேதான் முந்திக்கொண்டு சொன்னாள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு ரோட்டையாவது பார்க்கலாம். உள்ளே வேறொரு ஆசையும் இருந்தது. அவர் எந்நேரமும் ரோட்டில் கிடக்கிற மனுஷன். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், எதைக் கேட்டாலும் "ம்" என்பார். கூடவே போனால் நாலு வார்த்தை பேசமாட்டாரா?

கேபின் வாழ்க்கை சீக்கிரமே பிடிபட்டது. படுக்கைப் பலகைக்கு அடியில் அரிசி, அதன் பக்கத்தில் ஸ்டவ். பள்ளத்தில் விழுந்து எழும்போது பாத்திரங்கள் கடகடக்காமலிருக்க இடையில் பழந்துணியைத் திணித்து வைத்தாள். துவைத்ததை ஜன்னல் கம்பியில் கட்டினால் ஓடுகிற காற்றிலேயே காய்ந்துவிடும், முடிச்சு மட்டும் இறுகலாக இருக்கவேண்டும். ஒருமுறை அவருடைய பனியன் பறந்துபோய்ப் பின்னால் வந்த பஸ்ஸின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த பஸ் டிரைவர் சொன்ன வார்த்தைகளை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லிக்கொடுத்தார்.

"நிறுத்துற இடமெல்லாம் நாய் இருக்கும். வெயிலுக்கு வண்டிக்கு அடியில வந்து படுத்துக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சுத்து வந்து வண்டியோட பக்கப் பலகையைத் தட்டு. தட்டினா மட்டும் போதாது, குனிஞ்சு பாரு. அப்புறம் 'ரைட்'டுன்னு சொல்லு. நீ சொல்லாம நான் வண்டிய நகர்த்த மாட்டேன்."

அவர் ஒரே மூச்சில் அவளிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் நாய்க்காக.

சிமெண்டு கிடங்கின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவர் கீழே காலை வைத்ததும், ஒரு காது கிழிந்த செவலை நாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்தது. வால் ஆடியதா உடம்பே ஆடியதா என்று தெரியவில்லை.

"வாடி, என் சீமாட்டி! என்ன இப்படி இளைச்சுட்ட? நான் வரலன்னா யாரும் சோறு போட மாட்டாங்களா?"

அந்தக் குரல் அவளுக்குப் புதிது. இத்தனை காலமும் அதை அவர் எங்கே வைத்திருந்தார்?

டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி சிரித்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்பத்தான் வர்றீங்க. இங்க ரொம்ப நாளா இவதான் வீட்டுக்காரி."

"தாராளமா இருக்கட்டும், எனக்கென்ன" என்று அவளும் சிரித்துவைத்தாள். டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டாள்.

சீமாட்டி வெறும் பன் தின்னமாட்டாளாம். அவர் பன்னைப் பிய்த்து, டீயில் நனைத்து, ஊதி ஆற்றி ஊட்டினார். சோறு வடித்த கஞ்சியில் பெண்டாட்டி கையைச் சுட்டுக்கொண்ட அன்று, "பார்த்துச் செய்யக் கூடாதா" என்று நகர்ந்துபோனவரும் இவரேதான். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் கழுத்தில் உண்ணி பொறுக்கினார். அது சொக்கிப்போய் அவர் மடியில் தாடையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. வேண்டுமென்றே பார்த்தது என்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானமாகியும் வரிசை நகரவில்லை. அவள் படுக்கைப் பலகையில் சாய்ந்திருந்தாள். அவர் கீழே வண்டி நிழலில், நாயோடு. பேச்சு ஜன்னல் வழியே மேலே வந்தது.

"கிளட்ச்ச மிதிக்கும்போதெல்லாம் முட்டிக்குள்ள ஆணி அடிக்குதுடி. இந்த வருஷத்தோட விட்டுடலாமான்னு பார்க்கிறேன். விட்டுட்டு வீட்டுல போய் என்ன பண்றது? அவ தனியாவே எல்லாத்தையும் ஒழுங்கா வச்சிருக்கா. நடுவுல நான் போய் உட்கார்ந்தா அவளுக்கு இடைஞ்சல்."

வலி என்று கேட்டதும் ஒரு பெண்டாட்டிக்கு மனசு பதறவேண்டும். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. தன் வீட்டுச் சங்கதி தனக்கு முன்னால் ஒரு நாய்க்குத் தெரிந்திருக்கிறது!

அந்த நேரம் பார்த்து முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. அவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார்.

அவள் இறங்கினாள். பலகையில் ஒரு தட்டு, கடமைக்கு. பின்பக்கம் போகவில்லை, குனியவுமில்லை. அந்தச் சனியனுக்காக நான் முதுகை வளைக்கணுமா?

"ரைட்" என்றாள்.

பிரேக் விடுபடுகிற காற்றுச் சத்தம் கேட்டது. டீக்கடைப் பக்கம் பார்த்தாள். நாய் அங்கே இல்லை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க, நான் பார்க்கல!"

வண்டி குலுங்கி நின்றது. அவள் புடவையோடு உள்ளே தவழ்ந்தாள். பின்சக்கரத்தை ஒட்டி, இன்ஜின் அதிர்வைத் தாலாட்டாக நினைத்துக்கொண்டு சீமாட்டி தூங்கிக்கொண்டிருந்தது. காலைப் பிடித்து இழுத்ததும் உறுமியது. அவள் விடவில்லை. வெளியே வந்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையிலும் கையிலும் கிரீஸ், மடியில் நாய்.

அவர் நொண்டியபடி வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாயின் கிழிந்த காதைப் பார்த்தே பேசினாள்.

"இந்தாடி, உன் ஆளுகிட்ட சொல்லு. முட்டி வலின்னா முதல்ல பொண்டாட்டிகிட்டதான் சொல்லணும். இடைஞ்சல்னு நான் எப்பச் சொன்னேன்னும் கேளு."

அவரும் நாயைப் பார்த்தார்.

"சீமாட்டி, பார்க்காமலே 'ரைட்' சொன்னா பாரு. பொறாமை பிடிச்சவள்னு சொல்லு அவகிட்ட."

"ஆமான்னு சொல்லு."

அவர் சக்கரத்தைப் பிடித்து மெல்லக் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிரீஸ் படிந்த அவள் கையை எடுத்துத் தன் இடது முட்டியில் வைத்தார். "இங்கதான்" என்றார். இந்த முறை நாயைப் பார்த்துச் சொல்லவில்லை.

"குடும்பம் நடத்தறதா இருந்தா வண்டிய ஓரங்கட்டிட்டு நடத்துங்கப்பா!" என்று பின்னால் நின்ற லாரிக்காரர் கத்தினார்.

அவள் எழுந்து முழுச் சுற்றும் சுற்றினாள். ஒவ்வொரு பலகையையும் தட்டினாள், ஒவ்வொரு சக்கரத்திலும் குனிந்தாள். "ரைட்!" என்று அவள் சொன்னது டீக்கடைவரை கேட்டிருக்கும்.

வண்டி நகர்ந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். "இப்ப வந்த வலி இல்ல இது. போன மழைக்காலத்துல டயர் மாத்தும்போதே..."

சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் கண் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. அதில் ஒரு செவலை உருவம் புழுதிக்குள் ஓடி வந்துகொண்டிருந்தது.

"ரோட்டைப் பாருங்க" என்றாள் அவள்.