தலையில் கம்பி ஒட்டிய நாட்கள்

"ஆஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல வாயை..." என்று என் சித்தப்பா ஒன்று சொல்வார். திறக்கணும் என்றாரா, மூடணும் என்றாரா என்பது மறந்துவிட்டது. நோயாளியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். நேரத்துக்குப் போகணும், ஃபைலைத் தொலைக்கக் கூடாது, நாற்காலியில் இருப்பவர் கேட்டால் மட்டும் பதில் சொல்லணும்.

கத்தாரில் பத்தொன்பது வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்துவிட்டு நாற்பத்தேழாவது வயதில் ஊருக்கு வந்தேன். ஒரு வேன் வாங்கி, கொடும்பாளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேரை விராலிமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் இந்த இரண்டாவது உத்தியோகம் மனுப் போடாமலே கிடைத்தது: வலிப்பு. மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாமா கூடாதா என்பதுதான் என் கேள்வி. இதே மாதிரி ஃபைலோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் சக ஊழியர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

ஏழு சாவிக்கொத்து

பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம்தான் இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து, தரையில் கிடந்து கடையின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நடந்ததெல்லாம் கூட இருந்த என் மச்சினன் குமரேசன் சொல்லித் தெரிந்ததுதான். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுக்கணும் என்பது நம்ம பக்கத்து முதலுதவியாயிற்றே. டீ குடித்தவர், பஸ்ஸுக்கு நின்றவர், பைக்கில் போனவர் என்று ஆளாளுக்கு ஓடிவந்து அவரவர் சாவியை என் கையில் திணித்திருக்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும், சாவியால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் பின்னால் சொன்னார். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

கண் விழித்தபோது ஏழு சாவிக்கொத்துக்கு நான் சொந்தக்காரன். கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்கார்ந்ததும், முகம் தெரியாத ஒருவர் குனிந்து பணிவாகக் கேட்டார்: "அண்ணே, இப்பப் பரவாயில்லீங்களா? அந்தச் சின்னச் சாவி என்னுது. பேங்குக்குப் போகணும்."

குளிர்ச்சி

புதுக்கோட்டையில் டாக்டர் இ.இ.ஜி. எழுதிக் கொடுத்தார். தலை முழுக்கக் கம்பி ஒட்டி மூளையின் அலையைப் படமாக எடுப்பது. முதல் நாளே ஷாம்பு போட்டுக் குளித்து, காய்ந்த தலையோடு வரணும் என்று சீட்டில் அச்சடித்தே இருந்தது. என் மனைவி செல்வி அதைப் படித்தாள். ஆனால் மூளையைச் சோதிக்கப் போகிறார்கள் என்றால் அது சூடாக இருக்கக் கூடாது என்பது அவளுடைய சொந்த மருத்துவம். காலையில் கிளம்பும்போது, நான் மறுக்க மறுக்க, உச்சியில் விளக்கெண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்துவிட்டாள்.

கம்பி ஒட்டும் பெண் பசையை வைத்தாள். கம்பி வழுக்கிக்கொண்டு காதுக்கு வந்தது. மறுபடி வைத்தாள், புருவத்துக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குத் தேதி எழுதினாள். "இந்தத் தலையில அலை எடுக்க முடியாது சார். வேணும்னா வடை சுடலாம்."

தூங்கும் பரீட்சை

இரண்டாவது தடவை, நான் தூங்கும்போது படம் எடுக்கணும் என்றார்கள். அதற்காக முந்தின ராத்திரி விழித்திருக்கணுமாம். என்னைக் காவல் காக்கும் பொறுப்பைக் குமரேசன் ஏற்றுக்கொண்டான். எனக்குக் கண் சொருகும்போதெல்லாம் தோளைத் தட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று, முழித்திருந்தபோதும் தட்டினான்.

காலையில் கம்பியெல்லாம் ஒட்டி, விளக்கை அணைத்து, "தூங்குங்க சார்" என்றாள் அந்தப் பெண். இருபத்தொரு கம்பியோடு, ஒரு அந்நியர் பார்த்துக்கொண்டிருக்கையில், சொன்னவுடன் தூங்கிப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் "சிரிங்க" என்று வீடியோக்காரர் சொன்னால் வருமே ஒரு சிரிப்பு, அப்படித்தான் என் தூக்கமும் வந்தது. வெளி பெஞ்சில் குமரேசனின் குறட்டை மட்டும் சுவரைத் தாண்டிக் கேட்டது. அரை மணி நேரம் கழித்து அவள் பெருமூச்சு விட்டாள்: "பேசாம அவரை இங்கிட்டுக் கூப்பிட்டுப் படுக்க வச்சிருக்கலாம் சார்."

எப்படியோ கடைசியில் நானும் தூங்கினேன். படம் கிடைத்தது.

தரையில் ஒரு நிமிஷம்

ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்கக் குமரேசனும் உள்ளே வந்தான். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்தானே, எப்படி இருந்தது, சொல்லுங்கள் என்றார் டாக்டர். குமரேசனுக்குச் சொல்ல வரவில்லை. சட்டைப் பையிலிருந்த செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். கழுத்து இடது பக்கம் திரும்பியது. கண் திறந்தே இருந்தது, ஆனால் எங்கும் பார்க்கவில்லை. வலது கை விறைத்து எதையோ பிடித்து இழுத்தது. என் வலிப்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த நர்ஸ் அப்படியே ஓடிப் போய், இரண்டு பேரோடும் ஒரு ஸ்ட்ரெச்சரோடும் வந்து நின்றாள். குமரேசன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தான். நர்ஸ் எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவருக்குச் சீட்டுப் போட்டாச்சா, இல்லையா?"

நார்மல்

ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றிருந்தது. டாக்டர் ஃபைலை மூடினார். "படம் எடுத்த ஒரு மணி நேரத்துல ஒண்ணும் நடக்கலைன்னுதான் இதுக்கு அர்த்தம். மாத்திரைய நிறுத்தாதீங்க. பிள்ளைங்க வண்டி வேண்டாம்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது குமரேசன் ஃபைலைத் தட்டிக்கொண்டே வந்தான். அத்தனை நாளும் வாடகை டிரைவர்தான் வேன் ஓட்டினார். பிள்ளைகள் வீட்டில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தோம். "மச்சான், பேப்பர்லயே நார்மல்னு போட்டிருக்கு. காய்ச்சல் விட்டுருச்சுன்னு சொல்லிட்டுத் திங்கக்கெழமை எடுத்துருவோம். யாரு கேக்கப் போறா?"

இருபத்தொரு கம்பியால் காட்ட முடியாததை ஆஸ்பத்திரித் தரையில் படுத்து ஒரே நிமிஷத்தில் காட்டியவன்தான் இதைச் சொன்னான்.

மறுநாள் காலையில் பதினொரு வீட்டுக்கும் போய், எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை, வலிப்பு, இனி நான் வேன் ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.