பெயரில்லாத் தாளில் ஒரு சுழி

எங்கள் அரசு அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை ஊழியர் கருத்துத் தாள் தருவார்கள். பெயர் எழுதக் கூடாது. ‘உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்’ என்று மலாய் மொழியில் அச்சிட்டிருக்கும். பெட்டியைத் திறந்து தொகுப்பது என் வேலை. முன்பு நாளிதழில் பிழை திருத்தியவன் என்பதால் என்னிடம் விட்டிருந்தார்கள்.

பக்கத்து மேஜை அக்காவின் தாள் மட்டும் பார்த்ததும் தெரிந்துவிடும். மேலே பிள்ளையார் சுழி இருக்கும். அங்கே தமிழர்கள் நாங்கள் இருவர்தான். கடைசிக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்: நிபோங் திபால் கிளைக்கு மாற்றல் வேண்டும். அந்தக் கிளைக்குப் பக்கத்துப் பைராம் தோட்டத்திலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருபவர். முறையான மனு மூன்று முறை திரும்பி வந்திருந்தது.

“பேரே இல்லாத தாள்ல மாத்தல் கேட்டா யாருக்குக்கா குடுப்பாங்க?”

“பிள்ளையாருக்குத் தெரியும்லா தம்பி. நம்ம ஆபீஸ் போஸுக்குத்தான் தெரியாது.”

சென்ற ஆண்டு ஒரு மழைநாளில், பாலத்தின் நடுவே லாரி மோதி அக்கா இறந்தார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

இந்த ஆண்டு நாங்கள் பதினொரு பேர். பெட்டியில் பன்னிரண்டு தாள்கள் இருந்தன. மறுபடி எண்ணினேன். ஒன்றில் சுழி. அக்கா போடுவது போலவே வால் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது. கீழே அதே ஒரு வரி. பழைய தாள் கலந்துவிட்டதோ என்று ஓரத்தைப் பார்த்தேன். இந்த ஆண்டு அச்சிட்டதுதான்.

தலைவர் நல்ல மனிதர். தாளை வாங்கிப் பார்த்து, “மேலே என்ன, ரெண்டா?” என்று மலாயில் கேட்டார். பிறகு அவர் பார்வை என் குறிப்பேட்டில் நின்றது. பக்கத்தின் தலையில் என் சுழி.

“ஓ, நீங்கதானா? ரெண்டு தாள் எழுதியிருக்கீங்க. நேராவே கேட்டிருக்கலாமே” என்று சிரித்தார்.

‘நான் இல்லை’ என்றால், ‘வேறு யார்?’ என்பார். குறிப்பேட்டை மூடி எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் என் பெயரில் நிபோங் திபாலுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊழியர் குரலுக்குக் கிடைத்த பலன் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

என் வீடு கெலுகோரில், பாலத்தின் தீவு முனையில். இப்போது விடியுமுன் நான் மோட்டார் சைக்கிளில் அக்கரைக்குப் போகிறேன். எதிர்ப்பக்கச் சாலையில் தீவை நோக்கி விளக்குகள் வரிசையாக வரும். நடுப்பாலத்தில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நேற்று புதிய கிளையிலும் கருத்துத் தாள் தந்தார்கள். சுழி போடாமல், இடது கையால் தாளின் தலையை மூடிக்கொண்டு எழுதினேன். கடைசிக் கேள்வியை வெறுமையாக விட்டேன்.