பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் வந்த வலி

"ஜனவரி 7, ஞாயிறு. மலைச் சுற்றுக்கான பயிற்சி. பாம்பன் பாலம், மூன்று தடவை. வாடைக்காற்று பலம். மூன்றாம் ஏற்றத்தில் மச்சான் இறங்கித் தள்ளினார். காரணம்: காற்று."

அன்று வீடு திரும்பியதும் மச்சானுக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பு இது. மச்சான் என்றால் என் லாத்தாவின் (அக்காவின்) கணவர். வளைகுடாவில் இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டிவிட்டு, ஐம்பதாவது வயதில் மண்டபத்துக்கே வந்து சேர்ந்தவர். குறிப்பின் கடைசிச் சொல் தவறு. இதே தவறு இன்னொரு வீட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மலையில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது மச்சானின் ஆசை. எந்த மலை, எந்தப் பாதை என்பது என் பொறுப்பு. வத்தலக்குண்டில் தொடங்கி சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஊத்து என்று ஏறி இறங்கி மறுபடியும் வத்தலக்குண்டுக்கே வருகிற சுற்று. இரண்டு மாதம் அதிலேயே கிடந்தேன். எந்த வளைவுக்குப் பிறகு ஏற்றம் கூடுகிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், தாண்டிக்குடியில் தங்க அறை உண்டா, இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் எப்படி இறங்குவது, அங்கே காப்பித் தோட்டங்கள் எப்போது வந்தன என்பது வரை தேடிப் படித்தேன். ஓட்டப்போகிற மனிதரைப் பற்றி ஒன்றும் கேட்டுவைக்கவில்லை.

எங்கள் பக்கம் மலை கிடையாது, மேடுகூடக் கிடையாது. அதனால் சைக்கிள் ஓட்டுகிற நாங்கள் காற்றையே மலையாக வைத்துக்கொள்வோம். கியரைக் கனமாக்கி எதிர்காற்றில் மிதிப்போம். படகுகளும் கப்பல்களும் போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த நிஜமான ஏற்றம். அங்கேயும் காற்று ஓயாது. மூச்சு வாங்கினால் அது ஏற்றத்தாலா, காற்றாலா என்று பிரித்துப் பார்க்க மாட்டோம். காற்று என்று சொல்லிவிட்டு மிதிப்போம்.

அந்த ஞாயிறு, பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் மச்சான் இறங்கினார்.

"மாப்ள, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்குடா."

"எதிர்காத்து மச்சான். குனிஞ்சு ஓட்டுங்க. நிமிந்து உக்காந்தா பாய்மரம் மாதிரி ஆயிருவீங்க."

"ஆயிட்டா நல்லதுதான். விசா இல்லாம இலங்கைக்குப் போயிருவேன்ல."

சிரித்தோம். பாலம் இறங்கிப் பாம்பன் ஊருக்குள் வந்ததும் வலி போய்விட்டது. போய்விட்டதையே நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். "பாத்தீங்களா, காத்துதான்" என்றேன். அத்தோடு நிற்கவில்லை. அவருக்கு ஏற்றம் பழக்கமில்லை என்று முடிவுசெய்து, அடுத்த வாரம் பாலத்தை மூன்று தடவைக்குப் பதில் ஐந்து தடவை என்று மாற்றினேன்.

அந்த ஐந்தாவது நடக்கவில்லை. நான்காம் ஏற்றத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். குளிர்ந்த காற்றில் சட்டை முழுக்க வியர்த்து நனைந்திருந்தது. வேனில் வந்த குடும்பம் ஒன்று, கீழே தெரியும் ரயில் பாலத்தோடு படம் எடுக்க, எங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னது. நானும் அவரைத் தள்ளி உட்கார வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் புரியவில்லை.

மீன் ஏற்றிவந்த மினி லாரியை நிறுத்தினேன். முதலில் சைக்கிள்களை ஏற்றப் போனேன். ஓட்டுநர் கத்தினார்: "சைக்கிளத் தூக்கிக் கடல்ல போடுங்க! ஆள ஏத்துங்க மொதல்ல!"

ராமநாதபுரத்தில் இ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்ததுமே மாரடைப்பு என்றார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஞ்சியோகிராம் (மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகச் சாயமருந்து செலுத்தி இதயக் குழாய்களைப் படம் எடுப்பது) செய்து, ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள்.

அறைக்கு வெளியே நடைவழியில் மருத்துவர் எங்களிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி வந்திருக்கா? மாடிப்படி ஏறும்போது, மேட்டுல நடக்கும்போது?"

"எங்கூருல ஏது டாக்டர் மாடியும் மேடும்? ஊரே தட்டையாத்தான் கெடக்கு" என்றாள் லாத்தா.

"அதான் விஷயம். இதயத்துக்கு வேலை கூடுறப்ப மட்டும் வரும், நின்னுட்டா போயிடும். சமதளத்துல இருக்கறவங்களுக்கு அது தெரியாமலே போயிடுது. முன்னாடியே எங்ககிட்ட வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

நின்றால் போய்விடும் வலிக்கு ஆஞ்சைனா (இதயத்தசைக்கு ரத்தம் போதாமல் வரும் மார்பு நெரிப்பு) என்று பெயர் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்குப் பெயர் தேவைப்படவில்லை.

லாத்தா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒங்கிட்ட ஏதும் சொன்னாராடா?"

"மருந்து வாங்கிட்டு வாரேன் லாத்தா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

இதயத்தசையில் ஒரு பகுதி நலிந்திருப்பதாகப் பின்னால் சொன்னார்கள். தேறலாம், தேறாமலும் போகலாம். முன்கூட்டியே வந்திருந்தால் அது தப்பித்திருக்குமா என்று நான் மட்டும் தனியாகப் போய்க் கேட்டேன். "தப்பிச்சிருக்கலாம்" என்றார் மருத்துவர்.

ஊருக்கு வந்த பிறகு நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும், முன்பே வலி வந்ததா என்ற அதே கேள்வியைக் கேட்டார்கள். மச்சான் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "வலிச்சா யாருட்டயாவது சொல்ற ஆளா நான்? இப்ப ஹயாத்து இருக்கு, ஆயுசு கெட்டி, அல்ஹம்துலில்லாஹ்." பக்கத்தில் லாத்தா வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருப்பாள். அந்தப் பதிலின் நிழலில் நான் பல வாரங்கள் ஒதுங்கியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை லாத்தா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மச்சான் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சொல்லிவிட்டேன்.

"எங்கிட்ட சொன்னாரு லாத்தா. பாலத்துல. நாந்தான் காத்துன்னுட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை. "அன்னைக்கே தெரியும். மருந்து வாங்கப் போறேன்னவன் மருந்துச் சீட்ட வாங்காமப் போனியே." இன்னும் நாலைந்து மீன் ஆய்ந்தாள். "தெரிஞ்சு என்ன செய்ய? ஒன்ன வெட்டவா? ஆனா நீயாச் சொல்றியான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மச்சான் இடையில் புகுந்தார். "என்னடா மாப்ள ஒளறுறே? நான் எப்பச் சொன்னேன்? பாய்மரம்னு நீ கேலி பண்ணுனது ஞாவகம் இருக்கு. நெஞ்சுன்னு நான் ஒரு வார்த்த சொல்லல."

"இவனுக்கு ஒரு வக்கீல் வேற" என்று லாத்தா மீன் சட்டியோடு உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் எனக்கும் சோறு வைத்தாள். ஆனால் பேசவில்லை. பெருநாள் வரைக்கும் அப்படித்தான்.

இப்போது சாயங்காலங்களில் மச்சானும் நானும் கடற்கரையோரம் நடக்கிறோம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் விடாமல் பேசுகிறோம். தூரத்தை நான் கணக்கு வைப்பதில்லை. ஒரு பேச்சு தொடங்கி முடிகிற வரைக்கும் ஒரு நடை, அவ்வளவுதான். அவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால் என் நெஞ்சு இறுகுகிறது. சில சமயம் அவர் சும்மா கடலைப் பார்ப்பதற்காக நிறுத்தியிருப்பார். அவர் உடம்பைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் என் உடம்பும் எனக்குக் கேட்கிறது. அதுவரை அதை என்னைச் சுமந்து திரியும் வண்டியாக மட்டுமே வைத்திருந்தேன்.

கடைசியாக எடுத்த எக்கோ (ஒலி அலை கொண்டு இதயத்தின் இயக்கத்தைப் பார்ப்பது) கொஞ்சம் தேறியிருப்பதாகக் காட்டியது. தாண்டிக்குடிக்குப் பேருந்தில் போய்வரலாமா என்று மச்சான் கேட்க, மருத்துவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு தகவலை மட்டும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. பாலத்தில் என்னிடம் சொன்னதை மச்சான் உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்காக மறுக்கிறாரா? இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் பேச்சை நிறுத்திவிட்டு நடந்தார். மூன்றாம் தடவை கேட்க எனக்குத் துணிவில்லை.